பத்து கம்பெனி, ஒரே துறைமுகம்

நம் வீட்டு நிதியமைச்சருக்கு,

கடையை விற்றுவிட்டேன். பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முட்டிவலி தேவலையா?

ஊருக்குத் திரும்புவதற்காகச் சேர்த்ததைப் பத்து கம்பெனிப் பங்குகளில் பிரித்துப் போட்டிருந்தேன் அல்லவா, பத்தும் சேர்ந்து விழுந்துவிட்டன. கப்பல், கிடங்கு, லாரி, அட்டைப்பெட்டி என்று தொழில்தான் வேறு. எல்லாமே இந்த ஒரே துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவை. தினமும் கண்ணால் பார்க்கிற கம்பெனிகள் என்பதாலேயே வாங்கினேன். கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போனதும் பங்கும் போயிற்று, கடை வியாபாரமும் போயிற்று. மொத்தச் சந்தையின் குறியீட்டெண்ணோ, இவை பத்தும் விழுந்த அன்று ஏறித்தான் முடிந்தது.

"ஏண்ணே, பத்து குடை வாங்கி ஒரே பஸ்ஸுல விட்டுட்டு வந்திருக்கீங்களே!" என்றார் பங்குத் தரகர். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிக் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

இனி போனில் பேசும்போது மிக்ஸியை நிறுத்தாதே. வீட்டுச் சத்தம் காதில் விழட்டும்.

இந்த வருடம் வந்துவிடுவேன் என்று சின்னவளிடம் சொன்னதை நீயே பக்குவமாக மாற்றிச் சொல். கடையை வாங்கிய முதலாளி கூப்பிடுகிறார். பேசி முடித்தது இதுதான்: கடைக்கடன் முழுவதும் அவர் பொறுப்பு, எனக்கு ரொக்கம் கிடையாது, அதே கல்லாவில் மூன்று வருடம் நான் சம்பளத்துக்கு உட்கார வேண்டும், நடுவில் விடுமுறை இல்லை.