ஆடியில் வாங்கிய டேப்லெட்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது பாச்சை உருண்டை வாசனைதான். புதுச் சாமானுக்கென்று இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் வாசனை அதற்கு அப்புறம்தான் மெல்ல வந்தது. உன் பட்டுப் புடவைகளுக்கு நடுவே கிடந்த பெட்டி அல்லவா. இன்று காலை கடையைத் திறந்து, விளக்கேற்றிவிட்டு, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து முகர்ந்துகொண்டே இருந்தேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உன்னை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது? பள்ளிக்கூட நாளிலிருந்து நமக்குள் வாடி போடிதான். நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போனபோது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதட்டினாள். இனிமேல் அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றாள். அதனால் நாலு பேர் முன்னால் "வாங்க அண்ணி". அவர்கள் நகர்ந்ததும் "ஏண்டி, சோறு துன்னியா?" இங்கே இப்போது நாலு பேர் யாரும் இல்லை.

கல்யாண பிளவுஸுக்கு யாராவது ஆரி ஊசியால் பூவேலை கேட்டால், கடலூரில் என் கடையிலிருந்து துணி பஸ் ஏறி உன்னிடம் வரும். டிசைன் உன்னுடையது. ட்ரேசிங் பேப்பரை நடுவில் மடித்து, இடப்பக்கம் பாதிக் கழுத்தை மட்டும் பென்சிலால் போட்டு வைப்பாய். வலப்பக்கம் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து, மடித்த காகிதத்தை உன் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு நேராக அழுத்திப் பிடித்து, தெரிகிற கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டி மறுபாதியை எடுப்பேன். கை வலிக்கும், கழுத்து வலிக்கும். நீ ஏதாவது பேசினால் கோடு நகர்ந்துவிடும் என்று உன் வாயை வேறு அடக்குவேன். அப்புறம் கோடு முழுக்க ஊசியால் குத்தி, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துணியில் இறக்கினால், உன்னிடம் வேலை பார்க்கும் செல்வி, துணியை இழுத்துக் கட்டிய ஃப்ரேமில் உட்கார்ந்து தைக்கத் தொடங்குவாள்.

இந்த டேப்லெட் ஆசை உனக்கு எப்போது வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெண்ணாடத்திலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முதுகு முழுக்க மயில் போட்டோம். நீ கிளிப்பச்சை நூல் சொன்னாய், அவளும் தலையாட்டினாள். முடித்துக் கொடுத்த அன்று, போனில் பார்த்த மயில் இப்படி இல்லையே என்று அழுதாள். செல்வி உட்கார்ந்து அத்தனையும் பிரித்தாள். அன்றைக்கு நீ சொன்னாய்: "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லடி. தைக்கிறதுக்கு முன்னாடி கலர் மாத்தி மாத்திக் காட்டியிருந்தா அவளே சொல்லியிருப்பா." வருகிறவர்கள் எல்லோரும் போனை நீட்டி 'இதே மாதிரி' என்று கேட்பது உனக்கு வேப்பங்காய். அவர்களுடைய புடவையைப் படம் எடுத்து, அதன் பக்கத்திலேயே உன் டிசைனை வரைந்து காட்ட வேண்டும். 'இதே மாதிரி' என்ற பேச்சே கடையில் எழக்கூடாது. அதுதான் உன் கனவு.

எத்தனை கடை ஏறி இறங்கினோம்! கடலூரில் பாதி, சிதம்பரத்தில் மீதி. முதலில் ஒரு கறுப்புப் பலகையைக் காட்டினார்கள். அதில் வரைந்தால் கோடு எதிரே கம்ப்யூட்டரில் விழும். விலை குறைச்சல் என்று நான் வாயைப் பிளந்தேன். நீ இரண்டு கோடு இழுத்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாய். "கை ஒரு எடத்துல, கண்ணு ஒரு எடத்துல. வாசல்ல கோலம் போட்டுக்கினே மாடியப் பாக்கச் சொல்றாங்க" என்றாய். அடுத்தது ஊரெல்லாம் மெச்சுகிற அந்த விலை உயர்ந்த டேப்லெட். கண்ணாடி மாதிரி வழுக்கியது, கோடும் கையோடு வந்தது. பேனா மட்டும் தனியாக வாங்க வேண்டுமாம். விற்பனைப் பையனைப் பார்த்து, கரண்டி தராமல் சாம்பார் விற்பீர்களா என்று கேட்டாய். அவனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு கடையிலும் உனக்கு ஒரே சோதனைதான். ஒரு மாங்காய். காம்பில் மெல்லிசாகத் தொடங்கி, வயிற்றில் அழுத்திப் பருமனாக்கி, நுனியில் மறுபடி மெல்லிசாக வளைத்து முடிப்பாய். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே பருமனில் கோடு வந்தால், அடுத்த டேப்லெட். உள்ளங்கையை ஊன்றி வரைவது உன் பழக்கம்; கை பட்ட இடமெல்லாம் கிறுக்கல் விழுந்தால், அதுவும் தள்ளுபடி. ஸ்கேல் வைத்ததுபோல் சாய்வாக ஒரு கோட்டை மெதுவாக இழுப்பாய்; அது நெளிந்தால் உன் மூக்கு சுருங்கும். கடைக்காரர்களுக்கே நாம் பழகிப்போய், மாங்காய் அக்கா வந்துட்டாங்க என்று சொல்கிற அளவுக்கு ஆயிற்று. ஒருமுறை நீ வரைந்து முடித்ததும் பையன் அதை அழிக்கப் போனான். நீ அவன் கையைத் தடுத்து, "இருப்பா. நான் போனப்புறம் அழிச்சிக்க" என்றாய்.

ஆப் தேடியது தனிக்கூத்து. உன் பழைய போனில் ஒவ்வொன்றாக இறக்கி, விரலாலேயே வரைந்து பார்த்தாய். ஒன்றில் பாதி இலை போடும்போது ரம்மி ஆடக் கூப்பிட்டு விளம்பரம் வந்தது. இன்னொன்றுக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். "என் கையால நான் வரையறதுக்கு வாடகையா?" என்று அதையும் போனிலிருந்து தூக்கினாய். எல்லோரும் புகழ்ந்த ஒன்று அந்த விலை உயர்ந்த டேப்லெட்டில் மட்டும்தான் ஓடுமாம். கடைசியில் விளம்பரமும் வாடகையும் இல்லாத ஓர் ஆப் கிடைத்தது. லேயர் என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. ட்ரேசிங் பேப்பரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரிதான், மேல் காகிதத்தில் கலர் மாற்றினால் கீழே இருக்கிற பென்சில் கோடு கெடாது என்று நீ சொன்ன பிறகுதான் விளங்கியது. அதில் இன்னொரு வித்தையும் இருந்தது. நடுவில் ஒரு கோடு வைத்துவிட்டால், இடப்பக்கம் நீ வரைவது வலப்பக்கம் தானாகவே விழும்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அப்போது என் வேலை போச்சா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், ஆனால் விளையாட்டு மட்டும் இல்லை. அந்த ஜன்னல் வேலைக்காகத்தானே ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருகிறேன். நீ போனிலிருந்து தலையை எடுக்காமலே பதில் சொன்னாய்.

"இத்தினி வருஷம் ஜன்னலப் பாத்துக்கினு முதுக காட்டி நின்ன. இனிமே அந்தப் பக்கத்த மெஷினு போடும். நீ எம்பக்கத்துல உக்காந்து பேசிக்கினு இரு. எனக்கு அது போதும்."

ஆடி பிறந்தது. பார்த்து வைத்திருந்த டேப்லெட்டின் விலை இறங்கியது. பேனா உள்ளேயே வரும், பேனாவுக்குச் சார்ஜ் போட வேண்டாம், உன் மாங்காய்ச் சோதனையிலும் தேறியது. ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று நீதான் பறந்தாய். கடையில் பையன் பெட்டியைப் பிரித்து, ஆன் செய்து காட்டுகிறேன் என்று கத்தியை எடுத்தான். நீ பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டாய். வாங்குவதுதான் ஆடியில், தொடங்குவது ஆவணியில் என்றாய். ஆடியில் புதுசாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று அந்தப் பையனுக்கே பாடம் எடுத்தாய். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். நம் இரண்டு வீட்டிலும் ஆடியில் பால் காய்ச்சியதில்லை, பெண் பார்த்ததில்லை. இது மட்டும் எப்படி நமக்கு வேறு மாதிரி தோன்றியிருக்கும்?

ஆவணிக் கடைசியில் என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். அவளுடைய முகூர்த்த பிளவுஸ்தான் இதில் நீ போடப்போகும் முதல் டிசைன் என்று அவளிடமே சொல்லி வைத்தாய். ஆவணி ஒன்றாம் தேதி விளக்கேற்றி, சந்தனம் வைத்து, பெட்டியைப் பிரித்து, முதல் கோடு. அதுவரை பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே. தினமும் போன் போட்டு எடுத்துப் பார்த்தாயா என்று கேட்பேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன் என்பாய். பென்சிலில் கிறுக்குவதற்கு மாதம் ஏது என்று ட்ரேசிங் பேப்பரில் மட்டும் அவளுடைய கழுத்து டிசைனைப் போட்டாய், வழக்கம்போல் இடப்பக்கம் பாதி. மாங்காய்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு தோளிலிருந்து இறங்கி வருகிற டிசைன். நான் கையை நீட்டியபோது காகிதத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். வலப்பக்கம் நீ கை வைக்காதே, அது மெஷினுக்கு என்றாய்.

ஆடி முடிய ஒரு வாரம்கூட இல்லை. காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தாயாம். மத்தியானம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்; அவன் குரலைக் கேட்டதுமே கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். சிப்காட் தாண்டும்போது மறுபடி போன் வந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும் என்று சிதம்பரம் வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

கருமாதி முடிந்த அன்று அண்ணன் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து வந்தான். "இத நீயே எடுத்துனு போ. என்னால பாக்க முடியல" என்றான். அதன் மேல் அந்தக் காகிதமும் இருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த கடைக்காரனின் டேப்கூடப் பிரியவில்லை. உன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே! அழுகையைவிட அதுதான் அதிகமாக வந்தது. அத்தனை கடையில், அத்தனை டேப்லெட்டில் வரைந்தாய். உன்னுடையதில் ஒரு புள்ளி வைக்கவில்லை. ஆவணியில் அப்படி என்னடி இருக்கிறது? ஆடியில் ஒரு மாங்காய் போட்டிருந்தால் யார் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும்?

கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிற்று. இவ்வளவு சீக்கிரம் வேண்டாமே என்று நான் இழுத்தபோது, நீ ஆசைப்பட்ட கல்யாணமாம், நிறுத்தக் கூடாதாம் என்று அண்ணன்தான் பிடிவாதமாகச் சொன்னான். பெட்டியை என் பீரோவில் வைத்தேன். பாரேன், அங்கேயும் புடவைக்கு நடுவில்தான். இந்த வாரம் செல்வி போன் செய்தாள். இப்போது ஃப்ரேமைத் தன் வீட்டிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள். இனியும் டிசைன் வராவிட்டால் முகூர்த்தத்துக்கு முடிக்க முடியாது, போனில் இருந்து ஏதாவது ஒரு படத்தையாவது அனுப்புங்கள், இதே மாதிரி போட்டுத் தருகிறேன் என்றாள். இதே மாதிரி! உனக்குக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாய்.

நேற்றுப் பீரோவைத் திறந்தேன். என் மாமியார் கையில் பெட்டியைப் பார்த்துவிட்டு, மார்கழியில் புதுசைப் பிரிக்காதே, தை பிறக்கட்டும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் கை ஒரு நிமிஷம் தயங்கியது, பொய் சொல்வானேன். அப்புறம் உன் பட்டுப் புடவைகள் கண்ணுக்குள் வந்தன. பெட்டியைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இன்று காலை டேப்பைக் கிழித்தேன். திரை மேல் இருந்த பிளாஸ்டிக்கை உரித்தேன். பாட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் ஏறும் வரை ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தேன். நீ தேர்ந்தெடுத்த ஆப்பையே இறக்கினேன். உன் காகிதத்தைப் படம் எடுத்து அடி லேயரில் வைத்து, நடு மடிப்பின் மேல் ஆப்பின் அந்த நடுக்கோட்டை வைத்தேன். உன் கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டினேன். எனக்கு அது பழகிய வேலைதானே. காம்பில் மெல்லிசு, வயிற்றில் பருமன், நுனியில் மறுபடி மெல்லிசு. நான் இழுக்க இழுக்க வலப்பக்கத்தில் இன்னொரு கோடு கூடவே இறங்கியது. நான் நின்றால் அதுவும் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.

கலரில் கிளிப்பச்சையும் வைத்துப் பார்த்தேன், உனக்காக. அதற்குள் கடைக்கு வந்துவிட்ட என் மகள் எட்டிப் பார்த்து, வேண்டாம், அரக்கு என்றாள். விரலால் ஒரே ஒரு தட்டு தட்டி மாற்றிவிட்டேன். செல்விக்கு அனுப்பினேன். இது உங்க அண்ணி போட்டதுதானே அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

முன்பெல்லாம் ஒரு ஞாயிறு முழுக்க இழுக்கிற வேலை. ஜன்னலில் நிற்கவில்லை, கை வலிக்கவில்லை. வெயில் மிஷின் பக்கம் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வலப்பக்கத்தை மெஷின் பார்த்துக்கொண்டது. நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னாயே, அதுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.