இடது கையால் நீட்டிய பில்

ஜூலை 14, திங்கள்

கை வலிக்கு இன்று பெயர் வைத்தேன்: சனியன். தேங்காய் துருவும்போதே ஆரம்பித்துவிட்டது, கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை. கடையில் பில் போடும்போது ஒவ்வொரு பொருளையும் விலை படிக்கிற கண்ணாடிக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். பருப்பு, சோப்பு பரவாயில்லை. அரிசி மூட்டைதான் எமன். கையில் பிடித்துப் படிக்கிற ஸ்கேனர் இருந்தால் மூட்டையைத் தள்ளுவண்டியிலேயே வைத்து பில் போடலாம். அது செத்து எத்தனையோ மாதம் ஆகிறது. மேனேஜர் அழகிரி சாரிடம் கேட்டால், "வந்துரும்மா, சொல்லியிருக்கேன்." காசியிலிருந்து நடந்து வருகிறதோ என்னவோ.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபப் படித்துறையில் குளித்த கூட்டமெல்லாம் நேரே எங்கள் கடைக்குள். ஸ்டூல் ஒன்று இருக்கிறது, பேருக்கு. உட்கார்ந்தால் கவுண்டர் தோள் உயரத்துக்கு வருகிறது. நின்றே செத்தேன்.

ஆகஸ்ட் 4

பல் விளக்க முடியவில்லை. அழுதேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புத்தூரில் டாக்டரைப் பார்த்தேன். "வலது கைக்கு ஓய்வு கொடுங்க. தூக்கறது, முறுக்கறது எதுவும் கூடாது. விட்டா ஆபரேஷன்ல போய் நிக்கும்." ஓய்வாம்! என் வீட்டுக்காரர் ஒரு வருஷமாக வேலைக்குப் போகவில்லை, என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. நாளையிலிருந்து எல்லாம் இடது கைதான். பழகினால் வராதா என்ன?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பழகியதன் பலன். ஆனந்தவள்ளி மாமி, மேலச்சித்திரை வீதி, வாடிக்கைக்காரர். யோசிக்காமல் பில்லையும் மீதியையும் இடது கையால் நீட்டிவிட்டேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பீச்சாங்கையால நீட்டறியே, ஆத்துல சொல்லித் தரலையா?" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அழகிரி சார் ஓடி வந்து மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கையில ஏதாச்சும் கோளாறுன்னா சொல்லிருங்க மகா, கவுண்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"ஒண்ணுமில்ல சார்."

மாமி மேல் கோபம்கூட வரவில்லை. என் வீட்டில் யாராவது இடது கையால் தண்ணீர் கொடுத்தால் நானும் திட்டுகிறவள்தானே.

பக்கத்துக் கவுண்டர் வஹீதா சிரித்தாள். "எங்க அத்தாகிட்ட இப்படி நீட்டியிருந்தா அவ்வளவுதான். செத்தாலும் நான் மாட்டேன்பா." பிறகு குரலைத் தணித்து, "விடுங்கக்கா. காசுக்கு மட்டும் வலது கை வச்சுக்கங்க. மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் என் பக்கம் அனுப்பிருங்க" என்றாள்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. நல்ல கூட்டம். "அரிசி வச்சிருக்கறவங்க இந்தப் பக்கம் வாங்க!" என்று வஹீதா நாள் முழுக்கக் கூவினாள். மகராசி, நல்லா இருக்கணும். இன்று ஈரத் துண்டை நானே பிழிந்தேன். வலிக்கவில்லை! கோபுரத்தைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டேன். பெருமாளே, இப்படியே இருக்கட்டும்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக் கூட்டம். ஸ்கேனர் வரவில்லை. எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. கடையில் ஈ ஓட்டினோம். டீ வந்தது. வஹீதா என் கிளாஸை எடுத்து நீட்டினாள். இடது கையால்.

நான் வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"எப்பலேர்ந்துடி?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்தே. சார்கிட்ட சொல்லிராதீங்கக்கா."

ஐயோ, பாவி நான் — என் கை சரியானதற்குப் பெருமாளைக் கும்பிட்டேனே. அந்த வலி எங்கே போனதென்று ஒரு நாளாவது யோசித்தேனா? கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் ஒருவர் அரிசி மூட்டையோடு வந்து, பழக்கத்தில் வஹீதா பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"சார், இந்தப் பக்கம் வாங்க" என்றேன்.