கற்பூரம் கொளுத்தாத பூஜை

ஆயுத பூஜை, இரவு. 1961.

கணேசனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நாளை பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர்.

ஆய்வுக்கூடத்தில் அவன்தான் எனக்கு உதவியாளன். வருஷா வருஷம் இந்த நாளில் தராசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பான். இன்றும் காலையிலேயே சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு வேலையை முடித்திருந்தேன். பார்க்க விபூதி மாதிரி இருக்கும். அமிலத்தை ஆல்கஹாலாக மாற்ற அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் பொங்கித் தீப்பிடிக்கும். ஈதரில் மிஞ்சியதை எத்தில் அசிட்டேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் அடக்க வேண்டும். அதை எடுக்க ஸ்டோருக்குப் போனேன். குடுவை திறந்தே இருந்தது. இந்த மருந்து வந்தே ஒரு வாரம்தான். அவனிடம் இதைப் பற்றி நான்...

திரும்பி வந்தபோது மேசை எரிந்துகொண்டிருந்தது. மணலைக் கொட்டி அணைத்தேன். தரையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பும் மாவிலையும் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் என் குரல் கேட்டதும் என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"கற்பூரம் கொளுத்தல சார். ஈதர் இருக்குற எடத்துல நெருப்பே ஆகாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்கல்ல. அதான் வெறும் தண்ணி மட்டும் தெளிச்சேன்."

"தெரியும்டா."

"அப்புறம் எப்படி சார் பத்திக்கிச்சு?"

"கட்டுப் பிரிக்கட்டும், செஞ்சு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சரி சார்" என்றான்.