கணவர் கையெழுத்து

மார்ச் 4, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

மருந்து அட்டைப்பெட்டி செய்ய அந்த ஊரில் நீ பார்த்த கொட்டகைக்கு அனுப்பிய வாடகை ஒப்பந்தத்தை அப்பா இரண்டு வாரமாகத் தொடவில்லை. அதன்மேல்தான் டீ டம்ளரை வைக்கிறார். அவர் வேலை செய்யும் பணிமனையில், "முதலாளியம்மா வீட்டுக்காரர் வர்றார், வழி விடுங்கப்பா" என்று கேலி செய்கிறார்களாம்.

சனிக்கிழமைக்குள் கணவர் கையெழுத்து வராவிட்டால் கொட்டகைக்காரர் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று எழுதியிருந்தாயே. நேற்று தபாலில் அனுப்பிய தாளில் இருப்பது அப்பா போட்டதில்லை. நான் போட்டது. அப்போதிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே போலீஸ் என்று நினைக்கிறேன். பதிலைத் தோழி வீட்டுக்கு எழுது.

உன்
குட்டி


மார்ச் 9

என் கண்ணுக்கு,

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் அப்பா கிறுக்குவார். இது பரீட்சைத் தாள் மாதிரி அழகாக இருந்தது. சிரித்தேன், பிறகு அழுதேன். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னைப் பயத்தில் தள்ளி எனக்கு ஒரு கொட்டகை வேண்டாம்.

நேற்று கொட்டகைக்காரரிடம் போய், வீட்டுக்காரர் போட மாட்டார் என்று நேராகச் சொன்னேன். அப்படியானால் யார் பொறுப்பு என்று கேட்டார். என்னோடு மருந்துப் பெட்டி செய்யும் ஆறு பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். பசை தடவும் அக்கா உள்ளே வந்தாள்.

"நாங்க ஆறு பேரும் பொறுப்பு. எங்க வீட்டு ஆம்பளைங்களைக் கேக்காதீங்கய்யா, அவங்களுக்கே நாங்கதான் பொறுப்பு."

அவர் நீட்டிய புதுத் தாளிலும் கையெழுத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது. ஆறு பேரும் திருப்பிப் பின்பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். வெளியே வந்து ஏழு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் வீட்டம்மா என்ன சொன்னாரோ, மாலையில் சாவி வந்துவிட்டது.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள்.

உன் அம்மா


மார்ச் 13, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. பயந்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனக்கும் பயம்தான். இடம் கெடைச்சிட்டா உங்கம்மா அங்கேயே இருந்திடுவாளோன்னு" என்றார்.

சாவி கிடைத்ததை நான் சொல்லவில்லை, அம்மா. அதை நீயே அவருக்கு எழுது. தோழி வீட்டுக்கு வேண்டாம், நம் வீட்டு முகவரிக்கு, அவர் பேருக்கு.

உன்
குட்டி