ஹோஸுக்குள் இருந்த கம்பிச் சுருள்

இன்று காலை வளவு கூட்டும்போது முருங்கை மரத்தடியில் விளக்குமாறு எதிலோ சிக்கியது. இழுத்துப் பார்த்தேன். துருப்பிடித்த ஒரு கம்பிச் சுருள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. உடுப்புக் காயவைக்கும் கொடிக்கம்பியில் ஒரு துண்டை வெட்டி, என் உலக்கையில் இறுக்கிச் சுற்றி நீங்கள் செய்த சுருள் அது. உலக்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மா இடிக்கும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்து உங்களைத் திட்டுவேன். நீங்கள் போனபின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் அடைந்திருந்த இத்தா முடிந்து நான் முற்றத்தில் இறங்கிய முதல் காலை இது. இறங்கியதும் கையில் கிடைத்தது இதுதான்.

இந்த வீடும் கிணறும் தென்னைகளும் என் வாப்பா எனக்குத் தந்தவை. கல்யாணம் முடித்து வந்து நீங்கள் இங்கே இருந்தீர்கள். உங்களுடையது என்று சொல்ல இந்த வளவில் நின்றது அந்தப் பழைய கார் ஒன்றுதான். அதையும் சும்மா விட்டீர்களா? எங்கோ கழித்துப்போட்ட ஒரு வேனின் டர்போவைச் சுமந்துகொண்டு வந்தீர்கள். "இது காத்த உறிஞ்சி எஞ்சினுக்குள்ள திணிக்கும் புள்ள. பொறகு பாரு இதுட ஓட்டத்த" என்றீர்கள். கோழிக் கூடு திருத்தச் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கூடு அப்படியே கிடந்தது, டர்போ ஏறிவிட்டது. டர்போவுக்குக் காற்றுப் போகும் வழிக்குச் சரியான வளைவில் குழாய் கிடைக்கவில்லை என்று, சவளக்கடை வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பின் ரப்பர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டிப் பூட்டினீர்கள்.

அதன் பிறகு அந்தக் கார் நம்மைப் படுத்திய பாடு! காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நன்றாக இருக்கும். சூடாகிய பிறகு அழுத்தி மிதித்தால் இருமும், உதறும், கரும்புகை கக்கும். என் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் கறுத்தது. பிளக் மாற்றினீர்கள், பெற்றோல் பில்டர் மாற்றினீர்கள், வயர்களைப் பிரித்துப் பிரித்துக் கட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் டிரைவர் சீற்றில். நீங்கள் பொனட்டுக்குள் தலையை விட்டபடி கத்துவீர்கள்: "மிதி புள்ள... மெல்ல... இன்னும்... ஆ, கால எடு!"

கார் ஓட்டத் தெரியாத எனக்கு அதன் சத்தம் எல்லாம் பாடமாகியது அப்படித்தான்.

ஒருநாள் பின்னேரம், அது மூச்சு முட்டி உதறிக்கொண்டிருந்தபோது நீங்கள் கூக்குரல் இட்டீர்கள். "கண்டுபுடிச்சிட்டன்! இஞ்ச ஓடி வா, இதப் பாரு!"

"நான் வந்தா ஆரு மிதிக்கிற?"

"ஓம், அதுவும் செரிதான். நீ மிதி, நான் பாத்துச் செல்றன்."

சூட்டில் ஹோஸ் இளகிப் போகிறதாம். டர்போ உறிஞ்சும்போது இரண்டு பக்கமும் ஒட்டித் தட்டையாகிறதாம். காற்று வராமல் எஞ்சின் திணறுகிறதாம். ஆறியதும் ஹோஸ் பழையபடி விறைத்துக்கொள்கிறது, அதனால்தான் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. என் கண்ணில் அது ஒருநாளும் படவேயில்லை. நான் மிதித்தால்தான் அது ஒட்டும், மிதித்துக்கொண்டே எப்படிப் பார்ப்பது? அன்றைக்கே கம்பியைச் சுருட்டி, இனி ஒட்டாதபடி ஹோஸுக்குள் செருகினீர்கள். பிறகு அது ஒருநாளும் உதறவில்லை. மெல்லிய ஒரு விசில் சத்தம் மட்டும் கேட்கும். வயல் பக்கம் போய்வந்து நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே அந்த விசிலைக் கேட்டு நான் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுவேன்.

கடைசி நாளும் அப்படித்தான் மூட்டினேன். நீங்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கி, பொனட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள். "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யிது புள்ள" என்று சாவியை என்னிடம் நீட்டினீர்கள். கார் சூடாக, ஒரு குறையும் இல்லாமல், பக்கத்திலேயே நின்றது. எனக்கு மிதிக்க மட்டும்தான் தெரியும். சாவியைப் பிடித்தபடி தெருவுக்கு ஓடினேன், திரீவீலர் பிடிக்க. கல்முனை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும் முன்பே என் மடியில் நீங்கள் அடங்கிவிட்டீர்கள். அந்தக் காரை ஓட்டப் பழகியிருந்தால் என்று நான் நினைக்காத தொழுகை இல்லை.

இத்தாவில் அறைக்குள் இருந்தபோது என் கூடப்பிறந்த காக்காதான் காரைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனதோடுதான் கார் திருத்துகிற ஒரு பாஸைக் கூட்டிவந்து சேர்விஸ் செய்வித்தார். முடிந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றார். "காத்துப் போற ஹோஸுக்குள்ள கம்பி ஒண்டு கெடந்திச்சி தங்கச்சி. மச்சான் மறந்துபோய் உட்டிருக்காரு போல. நல்ல வேள, எஞ்சினுக்குள்ள போகல்ல. பாஸ் எடுத்து எறிஞ்சிட்டாரு."

"காக்கா, அது மறந்ததில்ல, வெச்சது. தேடி எடுத்துத் திருப்பிப் போடச் செல்லுங்க."

அதற்குள் முற்றத்தில் கார் இருமத் தொடங்கிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அதே இருமல், அதே உதறல். அந்நிய ஆண் நிற்கிற முற்றத்துக்குப் போய்க் கையால் காட்ட எனக்கு வழியில்லை. காக்கா போய்க் கேட்டுவிட்டு வந்தார். "பாஸ் ஹோஸ அமத்திப் பாத்தாரு. கல்லு மாதிரி இரிக்காம்."

"ஆறினா அப்படித்தான் இரிக்கும். சூட்டோட ஒராள் மிதிக்க, ஒராள் பாக்கணும்."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல்ல. அவர் பாத்தாரு."

காக்காவின் கண் கலங்கிவிட்டது. "அதயே நெனச்சி ஒடம்பக் கெடுத்துக்காத. ஓதிக்கொண்டு இரி. நாங்க பாத்துக்குவம்." அவர் கோபித்திருந்தால் எதிர்த்துக் கதைத்திருப்பேன். இரக்கப்பட்டார், நான் குர்ஆனை எடுத்து விரித்தேன்.

குற்றமெல்லாம் டர்போவின் தலையில் விழுந்தது. அதைக் கழற்றினார்கள். பழைய இரும்பு எடுக்க வருகிறவன் ஏற்றிக்கொண்டு போனான். அவன் கேற்றைச் சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. உங்களை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. யாரிடம் சொல்லி அழ? ஒரு இரும்புத் துண்டுக்காகவும் அழுகிறாள் என்பார்கள்.

இன்று பின்னேரம் காக்கா வந்தார். "இப்ப பூ மாதிரி ஓடுது. ஏறி மிதிச்சிப் பாரு" என்று ஸ்டார்ட் பண்ணி விட்டு இறங்கி நின்றார். பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். சுருளை மடியில் வைத்திருந்தேன். சூடாகட்டும் என்று காத்திருந்து பிறகு மிதித்தேன். ஒரு முறை இருமினால் போதும், இறங்கிப்போய்க் காக்காவிடம் இதைக் காட்டலாம், நீங்கள் கண்டுபிடித்தது சரிதான் என்று சொல்லலாம். இன்னும் மிதித்தேன். உறிஞ்ச டர்போ இல்லை; உதறவில்லை, இருமவில்லை. விசிலும் இல்லை. யாருடையதோ கார் போல ஓடியது.

காக்கா பயந்துபோய் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றுவிட்டது. என் கால் மட்டும் மிதித்தபடியே இருந்தது. நீங்கள் இன்னும் காலை எடுக்கச் சொல்லவில்லை.