சத்தமில்லாமல் திருத்தியவள்

தூத்துக்குடி,
புதன்கிழமை

அன்புத் தங்கை இந்துமதிக்கு,

பிளாரன்ஸ் அக்கா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சென்னை ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே "பரவால்லக்கா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கூரியரில் கடிதம்.

நீ அங்கே புக்கிங் ஃபார்ம் நிரப்பி அனுப்பிய இறால் கண்டெய்னர் கெட்டுப்போன செய்தி போன வாரம் நம் ஆபீசுக்கு வந்தது. மேனேஜர் ஜெயகணேஷ் சார் என்னைக் கூப்பிட்டு, "இங்கன இருக்கையில அந்தப் பிள்ள ஒழுங்காத்தான செஞ்சிச்சு?" என்று கேட்டார். ஒரு தப்பும் செய்ததில்லை சார் என்றேன். உனக்கு நல்லது செய்வதாக நினைப்பு. அப்படியானால் சென்னைக்குப் போனதும் அலட்சியம் வந்துவிட்டது என்று அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். "அவள வேலைய விட்டே எடுக்கப் போறாவளாம்க்கா" என்று நம் டீம் ராமர் வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

இங்கேயும் நீ அதையேதான் செய்தாய், இந்துமதி. காய்கறிக்குப் போட்ட பழைய ஃபார்மைக் காப்பி எடுத்து, சரக்கின் பெயரை மட்டும் மாற்றி இறாலுக்கு அனுப்புவாய். காய்கறி கண்டெய்னரில் காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும். உறைந்த இறாலுக்கு மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சூடு புகுந்து கெட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் ஃபார்மில் அதை நானே மாற்றி அனுப்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சேர்ந்த புதிதில் சார் எல்லார் முன்னாலும் திட்டினார் என்று, உடன்குடிக்கே போய் உன் அப்பாவின் கருப்பட்டிக் கடையில் உட்காரப் போவதாக பாத்ரூமில் நின்று அழுதாயே, அதைப் பார்த்த பிறகு உன்னிடம் குறை சொல்ல மனம் வரவில்லை. இது பாதி உண்மைதான். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட நானே மாற்றுவது சுலபமாக இருந்தது. பிளாரன்ஸ் டீமில் தப்பே வராது என்று பேர் வாங்கவும் பிடித்திருந்தது. எவ்வளவு கெட்டிக்காரி பார் உன் அக்கா! நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று காலையில் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களா இப்படி?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கும் மெயில் போட்டுவிட்டேன். டீம் லீடர் பொறுப்பு போனால் போகட்டும். உன் வேலை நிற்குமா என்றுதான் தெரியவில்லை. ஜெபத்தில் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்குக் கொடுக்கவேண்டிய உன் விளக்கத்தை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் அக்கா என்று நேற்று அனுப்பியிருந்தாய். பார்த்தேன். கடைசி வரி தப்பு. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை என்று எழுதியிருக்கிறாய். பழக்கதோஷத்தில் நானே அழிக்கப் போனேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த வரியை நீயே அழி, கண்ணு. அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுது.

கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார்.

உன் அக்கா,
பிளாரன்ஸ்