தும்பை வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதைத் தடுக்க வேண்டுதல்

அனுப்புநர்
அ. கவிநிலா, ஒன்பதாம் வகுப்பு,
அடி அண்ணாமலை, திருவண்ணாமலை.

பெறுநர்
வேளாண்மை உதவி இயக்குநர் அவர்கள்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பொருள்: எங்கள் மணிலா (வேர்க்கடலை) நிலத்து வரப்பில் வளர்த்த பூச்செடிகளை ஞாயிற்றுக்கிழமை அழிக்க இருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பெயரில்லாத மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் பயத்தோடுதான் மேலே என் பெயரை எழுதியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்.

1. பள்ளிப் பசுமைப் படையில் சேகரித்த தும்பை, தைவேளை விதைகளை, அப்பாவிடம் கேட்டு, ஆடி மழையில் ஒரு வரப்பு நீளத்துக்குத் தூவினேன். ஐப்பசியில் வரப்பு வெள்ளையாகிவிட்டது. காலையில் போய் நின்றால் காற்றே இல்லாமல் செடிகள் அசையும். குனிந்து பார்த்தால் பூவுக்குப் பூ ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். கொசுத்தேனீ, நீலச் சிறகுள்ள சின்னப் பட்டாம்பூச்சி, பொறிவண்டு, அந்தரத்தில் அப்படியே நிற்கும் ஒரு வகை ஈ. பெயர் தெரியாதவையே அதிகம். வெறும் புல் உள்ள எதிர் வரப்பில் இவற்றில் பாதிகூட இல்லை. அங்கே நிற்கும்போது என் எடை குறைந்துவிட்டதுபோல் இருக்கும். பள்ளி வேன் கூப்பிடுவதுகூட வேறு ஊரில் கேட்பதுபோல் கேட்கும்.

2. தும்பை சிவனுக்கு உகந்தது. ஆகவே பௌர்ணமிதோறும் என் பெரியப்பா திரு. ஆதிமூலம் அவர்கள் ஒரு பூ விடாமல் பறிக்கச் சொல்லி, கிரிவலம் வருவோருக்கு மாலையாக விற்கிறார். மறுநாள் வரப்பில் ஒரு சத்தமும் இருக்காது. அடுத்த வாரமே மணிலாக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறிவிடும். இரண்டு பௌர்ணமியும் இப்படித்தான் ஆயிற்று. பெரியப்பாவோ, "பூ இருக்கறதாலதான் பூச்சி வருது. இந்தப் பௌர்ணமிக்கு வித்துட்டு, மறுநாளே மருந்து அடிச்சுடலாம்" என்கிறார். களைக்கொல்லி வாங்கி மாட்டுக் கொட்டகையில் வைத்தாயிற்று.

3. "பூ இருந்தப்ப அசுவினி கம்மியாதானே பெரியப்பா இருந்துச்சு" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, "ஜாஸ்தி படிச்சுட்டா. நிறுத்திடுடா" என்றார். அன்றிலிருந்து நான் வாய் திறப்பதில்லை.

4. பூவோடு சேர்ந்து அசுவினியைத் தின்னும் பூச்சிகளும் போய்விடுகின்றன என்று நினைக்கிறேன். நான் பார்த்தது ஒரே ஒரு வரப்பு, தவறாகவும் இருக்கலாம். தாங்கள் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே, சனிக்கிழமை பௌர்ணமிக்குப் பூப் பறிக்கும் முன், வெள்ளிக்கிழமை காலையில் நிலத்துக்கு வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். களைக்கொல்லி வேண்டாம் என்றும், பாதிப் பூவையாவது செடியில் விடும்படியும் தாங்களே பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். அதிகாரிகள் வந்தால் அவர் தாமே நாற்காலி எடுத்துப் போடுவார். தாங்கள் சொன்னால் கேட்பார்.

வீட்டுக்குப் பதில் கடிதம் அனுப்ப வேண்டாம். மணிலாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னால் போதும். வரப்போரம் பச்சை சுடிதாரில் நிற்பவள் நான்தான். என்னைத் தெரிந்ததுபோல் மட்டும் பார்த்துவிடாதீர்கள், அம்மா.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 29.12.2025

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
அ. கவிநிலா